பதக்கத்தின் கறுப்பைத் துலக்கலாமா?

கும்மிடிப்பூண்டியின் உருக்காலைப் புகையும், அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களில் எரியும் நிலக்கரியின் கந்தக வாயுவும், பழவேற்காட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றும் கலக்கும் திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், பீரோவில் பூட்டி வைத்த பதக்கமும் நிறம் மாறவே செய்யும். அதை அழுக்கு என்று எண்ணிப் புளியோ பற்பசையோ இட்டுத் தேய்ப்பது வீடுகளில் வழக்கமாக இருப்பினும், அது தவிர்க்கப்பட வேண்டியதாகும். வெள்ளியின் மேல் காணும் கறுப்பு, காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு சேர்வதால் உண்டாகும் வெள்ளி சல்பைடு என்னும் படலம். பதக்கத்தின் உலோகமே அதற்குள் இருப்பதால், தேய்க்குந்தோறும் அதுவும் சேர்ந்து போகிறது.

முதல் உலகப்போருக்குப் பின் பிரிட்டிஷ் அரசு வழங்கிய போர்ப் பதக்கம் இதற்குத் தக்க சான்று. இந்தியப் படைவீரருக்கு வெள்ளியிலும், தொழிலாளர் படையினர் போன்ற உதவிப் பணியாளருக்கு வெண்கலத்திலும் அடிக்கப்பட்ட அதன் விளிம்பில், பெற்றவரின் எண், பெயர், படைப்பிரிவு ஆகியவை சிறு எழுத்துகளில் பொறிக்கப்பட்டன. பதக்கம் இன்னாருடையது என்று அதன் உடலிலேயே காட்டுவது அந்த மெல்லிய விளிம்பு மட்டுமே. தொழிற்கூடத்துப் பஃபிங் சக்கரத்தில் அதைப் பிடித்தால் ஐந்தாம் ஜார்ஜின் தாடியிழைகள் மழுங்கி, விளிம்பெழுத்தும் தேய்ந்துவிடும். அத்தகைய பளபளப்பைச் சேகரிப்பாளர்கள் குறையாகவே கருதி விலையைக் குறைக்கின்றனர். 1972இல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு வழங்கப்பட்ட தாமிரப் பட்டயத்தை ஆகஸ்ட் 15க்கு முதல்நாள் துலக்கிவைப்பது மரியாதையாகத் தோன்றினும், அதற்கும் நேர்வது இதே தேய்மானந்தான்.

ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் அப்படியே விட்டுவைக்கலாகாது. வெண்கலத்தில் கெட்டியாகவும் வழவழப்பாகவும் படிந்த பச்சை, உலோகத்துக்குக் காப்பாகவே நிற்கும். விரலில் ஒட்டும் வெளிர்பச்சைத் தூளோ, செம்பின் குளோரைடு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தைத் தொடர்ந்து அரிக்கும் 'வெண்கல நோய்'க்கு அறிகுறியாகும். அப்பதக்கத்தைப் பிறவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் இட்ட உலர்ந்த டப்பாவில் வைத்து, 1930இலேயே தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் போன்ற இடத்தில் ஆலோசனை கேட்பதே முறை. சில பட்டறைகளில் வெள்ளியை வெளுக்கப் பயன்படும் சயனைடு கரைசலை வீட்டுக்குக் கொண்டுவருவது உயிராபத்து. அமிலம் பட்டால் அது நச்சு வாயுவைக் கக்கும்.

பழம்பொருள்களுக்குச் சட்டக் கட்டுப்பாடுகளும் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 100 ஆண்டுகளுக்குக் குறையாத வரலாற்றுப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடைசெய்வதால், முதல் உலகப்போர்ப் பதக்கங்களும் இன்று அதற்குள் அடங்கக்கூடும். மண்ணில் புதைந்து கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாயின், அதைக் கழுவித் துடைக்காமல், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

பணம் பெற்று மெருகிட்ட கடை விளிம்பெழுத்தை அழித்துவிட்டால், அதைச் சேவைக் குறைபாடு என்று காட்டி, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2 ஆண்டுகளுக்குள் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இழப்பீடு கோரலாம். 1915 என்ற உதவி எண்ணிலும் முறையிடலாம். ஆயினும் ரசீதில் 'வெள்ளி ஐட்டம் 1' என்று எடை மட்டும் குறிக்கப்பட்டிருந்தால் இழப்பை நிறுவுவது கடினம் என்பதால், கொடுக்கும் முன்பே இரு முகங்களையும் விளிம்பையும் படமெடுத்து, விளிம்பெழுத்தை உள்ளபடியே ரசீதில் எழுதச் செய்து, கடைக்காரரின் கையொப்பம் பெறுதல் வேண்டும்.