மூச்சுக்கும் அளவுண்டு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. உணவுக்கும் மருந்துக்கும் பொருந்தும் இவ்வாக்கு நாம் சுவாசிக்கும் காற்றுக்கும் பொருந்துமா? பொருந்தும் என்கிறது மருத்துவ விஞ்ஞானம். உயிர் காக்கும் வென்டிலேட்டர் என்னும் செயற்கைச் சுவாசக் கருவியே, அளவு தவறினால் நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். நோயாளி எப்படிப் படுத்திருக்கிறார் என்பதும் அவர் பிழைப்பதில் பங்கு கொள்கிறது. இவற்றின் காரணங்களை இக்கட்டுரையில் காண்போம்.

நுரையீரல் நோய் நம் பகுதிக்குப் புதிதன்று. ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் சென்னை நோக்கிச் செல்லும்போது தாம்பரத்தை அடுத்து வரும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற நிலையத்தின் பெயரே, 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்ததாகும். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனா பரவியபோது, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மூச்சுத் திணறலோடு வந்த எண்ணற்றோர் சிகிச்சை பெற்றனர். அந்நாட்களில்தான் ‘வென்டிலேட்டர்’ என்ற சொல் வீட்டுக்கு வீடு ஒலித்தது.

நுரையீரலும் கருவியும்

நம் நுரையீரல்களில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றைச் சுற்றி இரத்த நுண்குழாய்கள் வலைபோல் பின்னியிருக்கின்றன. பிராணவாயு இரத்தத்தில் சேர்வதும் கரியமில வாயு வெளியேறுவதும் இங்கேதான். நாம் மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழிறங்குகிறது, மார்புக்கூடு விரிகிறது, காற்று தானே உள்ளே வருகிறது. வென்டிலேட்டரோ காற்றைக் குழாய் வழியே உள்ளே தள்ளுகிறது. இழுப்பதற்கும் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடே பல துன்பங்களுக்குக் காரணம்.

கடுமையான நிமோனியாவில் நுண்ணறைகள் பலவற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. பல சுருங்கி மூடிக்கொள்கின்றன. காற்றுப் புகும் பகுதி சிறுத்துவிடுகிறது. இத்தாலிய மருத்துவர் கட்டினோனி இதனைக் ‘குழந்தை நுரையீரல்’ என்று அழைத்தார். பத்துப் பேருக்கு வடித்த சோற்றை மூன்று பேருக்கு மட்டும் ஊட்டினால் என்னவாகும்? அதுபோல, முழு நுரையீரலுக்குரிய காற்றை எஞ்சிய சிறு பகுதியில் தள்ளினால் நல்ல நுண்ணறைகளும் மிகையாக விரிந்து காயமடைகின்றன.

எவ்வளவு காற்று?

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு மூச்சிலும் கிலோவுக்கு 12 மில்லி லிட்டரும், மற்றொரு பிரிவினருக்கு 6 மில்லி லிட்டரும் காற்று தரப்பட்டது. முதற்பிரிவில் நூற்றுக்குச் சுமார் 40 பேர் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 31 பேர். குறைவாகக் கொடுத்ததே பல உயிர்களைக் காத்தது!

இங்கே ‘கிலோ’ என்பது தராசு காட்டும் எடை அன்று. உயரத்தைக் கொண்டு கணக்கிடும் எடையாகும். ஏனெனில் உடல் பருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை. ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு அக்கணக்கு 45.5 கிலோ, ஆகவே மூச்சுக்கு 273 மில்லி லிட்டர் போதும். அவருடைய உண்மை எடை 80 கிலோ என்று அதைக் கொண்டு கணக்கிட்டால் 480 மில்லி லிட்டர் ஆகிவிடும். அது ஆபத்து.

மூச்சின் முடிவில் நுரையீரலுக்குள் நிலவும் அழுத்தமும் 30 செ.மீ. நீருக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நாம் வகுப்பில் பயன்படுத்தும் ஓரடி அளவுகோலின் உயரத்திற்கு நீர் நின்றால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவே அது.

இன்னொன்றும் உண்டு. புது பலூனை முதலில் ஊதுவது கடினம். சிறிது காற்று உள்ளே இருந்தால் பிறகு ஊதுவது எளிது. நுண்ணறைகளும் அப்படியே. ஒவ்வொரு மூச்சிலும் முழுதும் மூடி மூடித் திறந்தால் அவற்றின் சுவர் நைந்துபோகும். ஆகையால் மூச்சை வெளியே விட்ட பின்னும் சிறிது அழுத்தம் உள்ளே நிற்குமாறு கருவியை அமைக்கின்றனர்.

எப்படிப் படுப்பது?

நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப்புறமாக அமைந்துள்ளது. மல்லாந்து படுத்தால் இதயமும், நீர் கோத்த நுரையீரலின் சொந்தப் பாரமும், வயிற்றின் அழுத்தமும் அப்பகுதியின் மேல் விழுகின்றன. அடுக்கிய மூட்டைகளில் அடிமூட்டை நசுங்குவதுபோல் அங்குள்ள நுண்ணறைகள் மூடிக்கொள்கின்றன. குப்புறப் படுக்க வைத்தாலோ இதயம் மார்பெலும்பின் மேல் தங்குகிறது. முதுகுப்புற அறைகள் திறக்கின்றன. இரத்தம் அப்பொழுதும் அங்கு மிகுதியாகப் பாய்வதால், காற்றும் இரத்தமும் நன்கு சந்திக்கின்றன. காற்றும் எல்லாப் பகுதிகளுக்கும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிடப்படுவதால் காயமும் குறைகிறது.

2013-இல் பிரெஞ்சு மருத்துவர்கள், கடும் நிலையிலிருந்த 466 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். மல்லாந்த நிலையிலேயே இருந்தோரில் 28 நாட்களுக்குள் நூற்றுக்குச் சுமார் 33 பேர் இறந்தனர். நாள்தோறும் தொடர்ந்து 16 மணி நேரமாவது குப்புறப் படுக்க வைக்கப்பட்டோரில் இறந்தவர் 16 பேரே.

இது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. நினைவற்ற நோயாளியைத் திருப்ப நான்கைந்து பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் நின்று சுவாசக் குழாய் நழுவாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்கள் அழுந்தாமலும், முகத்தில் படுக்கைப் புண் வராமலும் காக்க வேண்டும். விலையுயர்ந்த கருவிக்கு நிகராகச் செவிலியரின் கைகளும் இங்கே உயிரைக் காக்கின்றன.

நாம் அறிய வேண்டுவது

2021 ஏப்ரலில் இரண்டாம் அலை மூண்டபோது, பிராணவாயு அளவு 94-க்குக் கீழ் இறங்கிய கொரோனா நோயாளிகள் தலையணைகளின் உதவியால் குப்புறப் படுக்கலாம் என மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டியது. கழுத்தின் கீழ் ஒன்று, மார்பு முதல் தொடை வரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்குக் கீழே இரண்டு என்பது முறை. உணவுண்ட ஒரு மணி நேரத்திற்குள் இதைச் செய்யலாகாது. கருவுற்றோரும், கடும் இதய நோயுள்ளோரும், முதுகெலும்போ தொடையெலும்போ முறிந்தோரும் இதைத் தவிர்க்க வேண்டும். இது முதலுதவி போன்ற துணையே தவிர, பிராணவாயுவுக்கோ மருத்துவருக்கோ மாற்று அன்று. மூச்சுத் திணறுவோரை வீட்டில் வைத்துக் காலம் கடத்தாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே முதற்கடமை.

வென்டிலேட்டரில் வைத்தாலே முடிவு வந்துவிட்டது என்று அஞ்சுவோர் பலர். அவ்வச்சம் வேண்டியதில்லை. நுரையீரல் ஆறும் வரை அதற்கு ஓய்வும் காலமும் தேடித் தருவதே அக்கருவியின் பணி. இறைவன் முதல் மனிதனின் நாசியில் உயிர்மூச்சை ஊதினார் எனத் தொடக்க நூலில் படிக்கிறோம். அம்மூச்சு தடுமாறும்போது, அளவறிந்தும் மென்மையாகவும் அதனைத் தாங்கிப் பிடிக்கும் மருத்துவரையும் செவிலியரையும் நம் அன்றாட செபங்களில் நினைவுகூர்வோம். நம்முள் சிலரேனும் நாளை அப்பணிக்குச் செல்வோமாக!