உழைப்பு வேறு, பயிற்சி வேறு

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் இடையில் உள்ள லாபு, மலாய் மொழியில் பூசணியைக் குறிக்கும் பெயரைத் தாங்கியிருப்பினும், தமிழர் வரலாற்றில் பால்மரத்துக்கும் அதன்பின் வந்த செம்பனைக்கும் உரிய நிலமாகவே அறியப்படுகிறது. அவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் லாபு தோட்டம் முதலாம் பிரிவு, நான்காம் பிரிவு, கிர்பி தோட்டம் என இன்றும் தோட்டத்தின் பெயரையும் பிரிவின் எண்ணையும் சுமந்து நிற்பது, அங்கு ஊர் என்பதே வேலைத்தளமாகத் தோன்றியது என்பதற்குச் சான்றாகும். அவ்வேலை உடம்பால் மட்டுமே செய்யப்பட்டதாகையால், உழைக்கிற உடம்புக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு என்னும் எண்ணம் தோட்ட மக்களிடம் இயல்பாகவே வேரூன்றியது. தசை வளர்ச்சியைப் பற்றிக் கடந்த எண்பது ஆண்டுகளில் திரண்டுள்ள ஆய்வுகளைக் கொண்டு நோக்கினால், அவ்வெண்ணம் பாதி மெய். மற்றப் பாதி, தோட்டத்தை விட்டு வெளியேறிய தலைமுறைக்குக் கேடாக முடிந்த பிழை.

பால்மரப் பட்டையினுள் ஓடும் பால்குழாய்களில் நீரழுத்தம் விடியற்காலையில் மிகுந்தும் வெயில் ஏற ஏறக் குறைந்தும் இருக்கும் என்பதால், பெரட்டு எனப்படும் காலை அணிவகுப்பு இருட்டிலேயே நடந்து முடிய, தொழிலாளர் தத்தம் நிரைக்குச் சென்று நூற்றுக்கணக்கான மரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டி, பின்னர் அதே மரங்களுக்குத் திரும்பி வந்து பாலைச் சேகரித்து, வாளிகளைச் சுமந்து நிறுவைக்குக் கொண்டுசென்றனர். இவ்வேலையில் நடை மிகுதி, குனிதல் மிகுதி, மணிக்கட்டின் அசைவு மிகுதி. ஆனால் ஒவ்வோர் அசைவுக்கும் வேண்டிய விசையோ குறைவு. குறைந்த விசையை நெடுநேரம் செலுத்தும் உழைப்புக்கு உடல் தாங்குதிறனைப் பெருக்கியே ஈடுகொடுக்கிறது. அதாவது தசைக்குள் இரத்த நுண்குழாய்களும், ஆற்றலை உண்டாக்கும் இழைமணிகளும் பெருகுகின்றனவேயன்றி, தசை இழைகள் பெரிதாகப் பருப்பதில்லை. செம்பனை வந்தபின் நிலைமை சற்று மாறியது. நீண்ட கழியில் பொருத்திய அரிவாளால் உயரத்தில் உள்ள குலையை அறுத்து, பத்து முதல் இருபத்தைந்து கிலோ எடை உள்ள அதனைத் தூக்கி வண்டியில் ஏற்றுவது பளு தூக்கலே ஆகும். எனினும் அங்கும் ஒரு குறை இருந்தது: இருபதாம் வயதில் தூக்கிய குலைக்கும் நாற்பதாம் வயதில் தூக்கிய குலைக்கும் எடையில் வேறுபாடு இல்லை.

தசை என்பது உடல் செலவு செய்து காக்க வேண்டிய உடைமையாதலால், வழக்கமான சுமைக்குப் போதுமான அளவு அது வளர்ந்தவுடன் வளர்ச்சி நின்றுவிடுகிறது. தென் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் கிடக்கும் இளவட்டக்கல் இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும். உருண்டு வழுவழுப்பான அக்கல்லைத் தோளுக்கு மேலாகத் தூக்கி எறிவது இளைஞனின் ஆற்றலை அளக்கும் தேர்வாக இருந்ததே தவிர, அவ்வாற்றலை அவனுக்கு ஊட்டும் முறையாக இல்லை; ஏனெனில் கல் மாறுவதில்லை. முதல் நாள் தூக்க முடியாதவனுக்கு அதைவிடச் சிறிய கல்லையும், தூக்கியவனுக்கு அதைவிடப் பெரிய கல்லையும் அடுத்தடுத்து வைத்திருந்தால் அது பயிற்சியாகியிருக்கும்.

அந்த அடுத்தடுத்த கற்களை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் தாமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர். இளமையில் வாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பின்னர் எடை தூக்கித் தம் உடலைத் தேற்றிக்கொண்டவர் அவர். இரண்டாம் உலகப் போரில் முழங்காலும் தொடையும் காயமுற்ற வீரர்கள் சிகாகோ நகரின் கார்டினர் இராணுவ மருத்துவமனையில் குவிந்தபோது, காயம்பட்ட காலுக்கு இலேசான அசைவுகளைப் பலமுறை கொடுப்பதே அக்கால வழக்கமாக இருந்தது. டிலோர்ம் அதற்கு நேர்மாறாக, ஒருவரால் பத்து முறை மட்டுமே தூக்க இயலும் எடையைக் கண்டறிந்து, அதனையே பயிற்சிக்குரிய அளவாகக் கொண்டு, வலிமை கூடக்கூட எடையையும் கூட்டி, 1945-ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டார். தொடக்கத்தில் பத்துப் பத்தாக ஏழு முதல் பத்துச் சுற்றுகள் வரை செய்வித்த அவர், 1948-இல் மூன்று சுற்றுகளே போதும் எனத் தம் முறையைத் தாமே திருத்திக்கொண்டார். படிப்படியாகச் சுமையைக் கூட்டுதல் என்னும் கோட்பாட்டைக் காட்டிலும், சான்று மாறியபோது சொன்னதை மாற்றிக்கொண்ட அந்தப் பண்பே இத்துறைக்கு அவர் விட்டுச்சென்ற பெரிய கொடை என்று கருத இடமுண்டு.

சுமை கூடும்போது உடலில் நிகழ்வன பல. முதல் சில வாரங்களில் வலிமை விரைந்து ஏறினாலும் தசையின் பருமன் அவ்வளவாக மாறுவதில்லை; ஏற்கெனவே உள்ள இழைகளை நரம்பு மண்டலம் ஒருங்கே இயக்கப் பழகுவதே அந்த முன்னேற்றத்துக்குக் காரணம் என்பதை மோரிட்டானி, டிவ்ரீஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1979-இல் காட்டினர். அதன்பின் தசை இழைகளின் மீது விழும் இழுவிசையைச் செல்கள் உணர்ந்து, எம்டார் எனப்படும் புரதத்தின் வழியாகப் புதுப் புரதங்களை ஆக்கும் வேலையை முடுக்குகின்றன. இழைகளின் ஓரத்தில் ஒட்டிக் கிடக்கும் துணைச்செல்கள், 1961-இல் அலெக்சாண்டர் மௌரோ மின்னணு நுண்ணோக்கியில் கண்டறிந்தவை, தேவை ஏற்படுகையில் பெருகி இழையோடு கலந்து அதற்குப் புதிய உட்கருக்களை வழங்குகின்றன. புரதம் உருவாவதும் சிதைவதும் எப்போதும் நடந்துகொண்டிருப்பதால், உருவாவது சிதைவதைக் காட்டிலும் நாள்தோறும் சிறிதளவேனும் மிஞ்சினால்தான் தசை வளரும். ஓய்வும் உணவும் இல்லாத இடத்தில் அந்த மிச்சத்துக்கு வழியில்லை; தொழிலாளரின் வரிசை வீடுகளான அன்றைய லயத்து வாழ்க்கையில் இரண்டுமே தட்டுப்பாடாக இருந்தன.

உடல் உழைப்புத் தொழிலாளரிடையே ஆய்வாளர்கள் கண்ட ஒரு முரணையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஓய்வு நேர உடற்பயிற்சி ஆயுளைக் கூட்டுவதாக ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவர, ஏறத்தாழ 1,94,000 பேரை உள்ளடக்கிய 17 ஆய்வுகளின் தொகுப்பு 2018-இல் வெளியானபோது, கடும் உடலுழைப்புப் பணியில் இருந்த ஆண்களுக்கு அகால மரண வாய்ப்பு 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது தெரியவந்தது. புகைப்பழக்கமும் வறுமையும் இக்கணக்கில் எந்த அளவுக்குக் கலந்துள்ளன என்பது விவாதத்துக்குரியது. ஆயினும் வேண்டியபோது நிறுத்தவும் இளைப்பாறவும் இயலாத உழைப்பு, வாரத்தில் சில மணி நேரம் தாமே மேற்கொள்ளும் பயிற்சிக்கு ஈடாகாது என்பது மட்டும் தெளிவு. தோட்டத் தொழிலாளியைப் பார்த்து, உமக்குத்தான் வேலையே உடற்பயிற்சியாயிற்றே என்று சொல்வது பாராட்டுப் போலத் தோன்றும் அநீதி.

தசையைப் பற்றிய கவலை அழகுப் போட்டியாளர்களுக்கு மட்டும் உரியதன்று. தென்னாசிய வழியினருக்கு அது மற்றவரைவிட அவசரமானது. புனேவின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், புனே வட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோவாகவும் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளின் எடை 3.5 கிலோவாகவும் இருந்தன. இந்தியக் குழந்தைகளிடம் தசை பெரிதும் குறைந்திருக்க, தோலடிக் கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த தோற்றமும் மிகுந்த கொழுப்பும் ஒருங்கே அமைந்த இவ்வுடலமைப்பை 2004-இல் லான்செட் இதழில் வந்த ஒரு படம் உலகுக்குக் காட்டியது: யாஜ்னிக்கும் பிரித்தானிய மருத்துவர் ஜான் யட்கினும் அருகருகே நிற்க, இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றேயாக 22.3 என இருந்தும், யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடும் யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடும் இருந்தன. ஒல்லியாக இருப்பவருக்குச் சர்க்கரை நோய் வராது என்னும் பேச்சுக்கு இப்படம் ஒன்றே போதிய மறுப்பு.

இன்சுலின் சுரக்கும்போது இரத்தத்திலுள்ள குளுக்கோஸின் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்வது எலும்புத்தசையே என்பதால், தசை குறைந்த உடலில் சர்க்கரை தங்குவதற்கு இடம் குறைகிறது. மலேசியச் சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டுத் தேசிய நலக் கணக்கெடுப்பில் பெரியவர்களிடையே நீரிழிவின் அளவு 18.3 விழுக்காடாக இருந்தபோது, இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடாக, அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவராக இருந்தது. மரபும் உணவும் வருமானமும் இதில் பங்கு கொள்கின்றன. அவற்றோடு, நாள் முழுதும் நடந்து உழைத்த பெற்றோரின் உணவுத்தட்டு மாறாமலேயே, நீலாய், செனாவாங் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பிள்ளைகள் இடம் மாறியதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். உழைப்பு போய்விட்டது, அதன் இடத்துக்குப் பயிற்சி வரவில்லை.

மலேசியாவும் இந்தியாவும் இடம்பெற்ற 17 நாட்டு ஆய்வொன்று, ஏறத்தாழ 1,40,000 பேரின் கைப்பிடி வலிமையை அளந்து, அவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2015-இல் முடிவை வெளியிட்டது. பிடி வலிமை ஐந்து கிலோ குறையும் ஒவ்வொரு படிக்கும் இறப்பு வாய்ப்பு 16 விழுக்காடு கூடியதோடு, இறப்பை முன்னறிவதில் இரத்த அழுத்த அளவைவிடக் கைப்பிடியே தேர்ந்த குறியீடாக இருந்தது. கையை மட்டும் அழுத்திப் பழகினால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருளன்று. உடல் முழுவதன் தசை நிலையையும் கை காட்டிக்கொடுக்கிறது என்பதே பொருள்.

இனி, எடை தூக்க வசதியான நிலையமும் பளபளக்கும் கருவிகளும் வேண்டுமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஆறுதலான விடை தருகின்றன. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2012-இல் நடந்த சோதனையில், ஒருவரால் ஒரே முறை தூக்க இயலும் எடையின் 30 விழுக்காட்டைக் கொண்டு கால் தசையை முற்றிலும் களைக்கச் செய்தவர்களும், 80 விழுக்காட்டைத் தூக்கியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு தசை வளர்ச்சியைப் பெற்றனர். பின்வந்த தொகுப்பாய்வும் இதையே உறுதிசெய்து, வலிமையை உச்சத்துக்குக் கொண்டுசெல்ல மட்டுமே பெரிய எடை மேலானது என்றது. ஆகவே தண்ணீர் நிரப்பிய ஒரு தகரமோ பிளாஸ்டிக் தோம்போ போதும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பதால், வாரந்தோறும் சிறிது சிறிதாகச் சுமையைக் கூட்டிக் கணக்கு வைப்பதற்கு இதைவிட மலிவான கருவி கிடையாது. உட்கார்ந்து எழுதல், குனிந்து தூக்கல், தரையில் கையூன்றி எழுதல், தோளுக்கு மேல் உயர்த்தல் ஆகியவற்றை வாரத்தில் இரண்டு நாளேனும், இன்னும் இரண்டு மூன்று முறைதான் செய்ய இயலும் என்ற நிலை வரும் வரை செய்தால், உலகச் சுகாதார நிறுவனம் கேட்கும் தசைப் பயிற்சியின் அளவு நிறைவேறும். பெண்களுக்கும் இதே முறைதான். எடை தூக்கினால் ஆண்களைப் போல் பருத்துவிடுவோம் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை.

புரதத்தைப் பற்றிய சந்தைக் கூச்சல் காதைப் பிளக்கிறது. 49 சோதனைகளைத் தொகுத்து, 1,800-க்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்த 2018-ஆம் ஆண்டு ஆய்வின்படி, எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதத்துக்கு மேல் உண்பதால் கூடுதல் தசை கிடைப்பதில்லை. கூடுதல் புரதம் உண்டவர்களுக்கு உண்ணாதவர்களைவிடக் கிடைத்த ஆதாயம் சராசரியாக 0.3 கிலோவே. தசையைக் கட்டுவது பயிற்சி. புரதம் அதற்குக் கல்லும் மணலும். தெம்பே, முட்டை, நெத்திலிக் கருவாடு, பருப்பு, கோழி என்று லாபு வீடுகளின் அடுப்படியில் உள்ளவையே அந்த அளவை எட்டப் போதுமானவை. குறைவது பெரும்பாலும் காலை உணவில்தான், ஏனெனில் ரொட்டி சானாயும் இனிப்புத் தேநீரும் வயிற்றை நிரப்புமேயன்றித் தசைக்கு உதவா. பிரேசிலில் நடந்து 2021-இல் வெளியான சோதனையில், போதிய புரதம் பெற்ற, தாவர உணவு மட்டுமே கொள்ளும் இளைஞர்களும் அசைவ இளைஞர்களும் 12 வாரப் பயிற்சியில் ஒத்த வளர்ச்சியையே கண்டனர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டலாகாது.

புரதம் தவிர்த்த பொடிகளில் நீண்ட சோதனைகளில் தேறி நிற்பது கிரியேட்டின் ஒன்றே. மற்றவை பெரும்பாலும் விளம்பரத்தின் பலம். ஊசி மருந்துகளின் கதை வேறு. அமெரிக்காவில் 1996-இல் வெளியான சோதனையில், டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்பால் இயக்குநீரை வாரம் 600 மில்லிகிராம் பெற்று எந்தப் பயிற்சியும் செய்யாதவர்கள், மருந்தின்றிப் பயிற்சி செய்தவர்களைவிட அதிகமாகவே தசை நிறை பெற்றனர். படங்களில் காணும், மருந்தால் பருத்திருக்கக்கூடிய உடலைப் பார்த்து ஓர் இளைஞன் தன் பயிற்சியைப் பழிப்பது ஏன் தவறு என்பதற்கு இதுவே விளக்கம். அம்மருந்துகள் இதயத்தையும் கல்லீரலையும் விந்தகங்களையும் பாதிப்பவை. சந்தையில் வாங்கும் மூலிகைப் பொருளாயினும், மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் பதிவு எண்ணும் முத்திரையும் இல்லாத புட்டியை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பது நலம்.

வயது கடந்துவிட்டது என்று ஒதுங்குவோருக்கு, பாஸ்டன் நகர முதியோர் இல்லத்தில் மரியா ஃபியடரோன் நடத்தி 1990-இல் வெளியிட்ட சோதனை நினைவூட்டத்தக்கது. சராசரியாகத் தொண்ணூறு வயதான பத்துத் தளர்ந்த முதியோர் எட்டு வாரம் கனமான எடைப் பயிற்சியில் சேர்க்கப்பட, அவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. பால்வாளி சுமந்த தோள்கள் ஓய்வு பெற்று லயத்தைவிட்டு அடுக்குவீட்டுக்குக் குடிபெயர்ந்தபின் தளர்வதும், இடறி விழுவதும், மீண்டும் எழ முடியாமல் போவதும் மூப்பின் விதி என்று ஏற்கப்பட்டுவந்தன. மூப்புத் தசைமெலிவு என்னும் இந்நோய்க்கு 1989-இல்தான் பெயரே கிடைத்தது. ஆசிய நாடுகளின் மருத்துவக் குழு 2019-இல் வகுத்த வரையறைப்படி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் அது எச்சரிக்கைக் குறி. வீட்டில் அறுபதைக் கடந்தவர் இருந்தால், சுவரோரம் உறுதியான நாற்காலியைப் போட்டு, விழாமல் பிடித்துக்கொள்ள அருகில் ஒருவர் நின்று, கடிகாரத்தைப் பார்த்து ஒருமுறை அளந்து, பன்னிரண்டைத் தொட்டால் அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லும்போது அந்த எண்ணையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.