கடனைக் கழித்தால் வரவு!

சென்னைக்குத் தெற்கே, சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது. பெரிய பெரிய கணக்குகளை ஆராயும் இடம் அது.

ஆனால், பள்ளிப் பிள்ளைகளைத் திணற வைப்பது ஒரு சின்னக் கணக்குதான். "கழித்தலுக்குள் கழித்தல் வந்தால், அது எப்படிக் கூட்டல் ஆகும்?"

இதற்கு வழி சொன்னவர், பிரம்மகுப்தர். இன்றைய ராஜஸ்தானில் உள்ள பின்மாலில் வாழ்ந்த கணித மேதை. கி.பி. 628-ல் அவர் எழுதிய நூலில் கூட்டல் எண்ணை 'தனம்' (சொத்து) என்றார். கழித்தல் எண்ணை 'ருணம்' (கடன்) என்றார்.

ஐரோப்பாவில் 18-ம் நூற்றாண்டில்கூட, சில அறிஞர்கள் கழித்தல் எண்ணை ஏற்கத் தயங்கினார்கள்!

இதோ ஒரு கணக்கு:

ஒரு தாயின் கையில் 50 ரூபாய். மளிகைக் கடைக்குக் கொடுக்க வேண்டியது 80 ரூபாய். அவள் நிலை என்ன?

50 − 80 = −30. அதாவது, 30 ரூபாய் கடன்.

கடைக்காரர் மனம் இரங்கி, "20 ரூபாயைத் தள்ளி விடுகிறேன், அம்மா" என்கிறார். கடனைக் கழிக்கிறார்.

−30 − (−20) = −10.

கடன் 10 ஆகக் குறைந்து விட்டது. கையில் 20 ரூபாய் கூடுதலாக வந்திருந்தாலும் இதே நிலைதான். கழித்தலுக்குள் கழித்தல், கூட்டல் ஆன கதை இதுதான்!

பிள்ளைகளே! கணக்கைப் படித்ததும் கூட்டத் தொடங்காதீர்கள். எது வரவு, எது கடன் என்று முதலில் குறியுங்கள். பிறகு விடை தானே வரும்.

பெற்றோரும் மாதக் கடைசியில் இப்படி எழுதிப் பார்க்கலாம். கடன் எவ்வளவு என்று தெரிந்தால்தான், அதை அடைக்க வழி தேடலாம்.