காய்ச்சல் இறங்கும் நேரத்தில் காத்திருக்கும் ஆபத்து!

நாடி பிடித்துக் கண்டுபிடிக்கும் நர்சுகள்

டெங்கு வார்டில் நள்ளிரவுப் போராட்டம்

"சிஸ்டர், காய்ச்சல் விட்டுடுச்சு! நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா?"

மழைக் காலத்தில் சென்னை ஆஸ்பத்திரிகளின் டெங்கு வார்டுகளில் தினமும் காதில் விழும் கேள்வி இது.

நாலு நாளாக அனலாய்க் கொதித்த பிள்ளையின் நெற்றி குளிர்ந்து விட்டால் பெற்றவளுக்குச் சந்தோஷம் தாங்காது. கையெடுத்துச் சாமி கும்பிடுகிறாள். ஊருக்குப் போன் போட்டுச் சொல்கிறாள்.

ஆனால் அதே நேரத்தில்தான் நர்சின் முகத்தில் கவலை தட்டுகிறது!

"இருங்கம்மா, பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பையனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறார். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்தவர், இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை வருகிறார்.

அப்படி என்ன ஆபத்து?

ஏமாற்றும் ஜுரம்

டெங்கு மற்ற ஜுரங்களைப் போல அல்ல. ஜுரம் அடிக்கும்போது இருக்கிற ஆபத்தைவிட, ஜுரம் இறங்கும்போது வருகிற ஆபத்துதான் பெரிது.

நோய் தொடங்கி 3-வது நாளில் இருந்து 7-வது நாளுக்குள் ஜுரம் இறங்கும். அதை ஒட்டி வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம்.

அந்த நேரத்தில் சிலருக்கு ரத்தக் குழாய்களின் சுவர் வழியாக ரத்தத்தில் உள்ள நீர் வெளியே கசிகிறது. வயிற்றுக்குள் தேங்கும், நெஞ்சுக் கூட்டுக்குள்ளும் தேங்கும். குழாய்க்குள் மிஞ்சுவது கெட்டியான ரத்தம். கசிவு அதிகமானால் மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ரத்த ஓட்டம் குறைகிறது. இதற்குப் பெயர்தான் 'ஷாக்'.

இதில் கொடுமை என்னவென்றால், ஆள் தெளிவாகவே இருப்பான்! கூப்பிட்டால் பதில் சொல்வான். செல்போனைக்கூட நோண்டிக் கொண்டிருப்பான். பக்கத்தில் இருப்பவர்கள் "பையன் தேறிட்டான்" என்றே நினைப்பார்கள்.

ரத்த அழுத்தம் கண்ணுக்குத் தெரிய விழுவது கடைசிக் கட்டத்தில்தான். விழ ஆரம்பித்தால் மளமளவென்று விழும்.

கணக்கில் ஒளிந்த எமன்

ஒரு உதாரணத்தைப் பார்க்கலாம்.

வயது 19. கல்லூரி மாணவன். எடை 60 கிலோ. ஜுரம் கண்டு 5-வது நாள். 103 டிகிரி அடித்த ஜுரம் மாலையில் 98.4 டிகிரிக்கு இறங்கி விட்டது.

இரவு 8 மணிக்கு ரத்த அழுத்தம் 110/70. நாடி 92. மூச்சு நிமிடத்துக்கு 18.

இரவு 11 மணிக்கு ரத்த அழுத்தம் 106/78. நாடி 98.

நள்ளிரவு 1 மணிக்கு ரத்த அழுத்தம் 102/82. நாடி 108. மூச்சு 20.

இதில் என்ன தப்பு இருக்கிறது? மேல் அழுத்தம் 102. 'நார்மல்'தானே? காலையில் ரவுண்ட்சுக்கு வரும் பெரிய டாக்டரிடம் சொன்னால் போதாதா?

போதாது!

மேல் எண்ணில் இருந்து கீழ் எண்ணைக் கழித்துப் பார்க்க வேண்டும். 8 மணிக்கு இடைவெளி 40. 11 மணிக்கு 28. 1 மணிக்கு வெறும் 20!

நீர் கசியக் கசிய, இருக்கிற ரத்தத்தை வைத்துச் சமாளிக்க உடம்பு தன் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் கீழ் அழுத்தம் ஏறுகிறது. மேல் அழுத்தம் மெதுவாக இறங்குகிறது. இரண்டும் ஒன்றை ஒன்று நெருங்குகின்றன. இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால் டெங்கு 'ஷாக்' வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த விதி.

நாடியும் உளவு சொல்கிறது. ஜுரம் இறங்கினால் நாடித் துடிப்பும் இறங்க வேண்டும். இங்கே ஜுரம் இறங்கி விட்டது. நாடி ஏறுகிறது! இரண்டும் ஒத்துப் போகவில்லையே என்ற சந்தேகம் வருகிற நர்சுதான் அந்தப் பையனுக்கு அன்றைக்குத் தெய்வம்.

'நியூஸ்' மார்க் போதுமா?

ஆபத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்க லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரி 2012-ம் ஆண்டில் ஒரு மார்க் முறையைக் கொண்டு வந்தது. 'நேஷனல் எர்லி வார்னிங் ஸ்கோர்' என்று பெயர். சுருக்கினால் 'நியூஸ்'! 2017-ம் ஆண்டில் அதைத் திருத்தி வெளியிட்டார்கள்.

மூச்சு, நாடி, மேல் அழுத்தம், ஜுரம், ரத்தத்தில் ஆக்சிஜன், நினைவு ஆகியவற்றுக்குத் தனித்தனியே மார்க். கூட்டினால் 5 வந்தால் டாக்டர் அவசரமாகப் பார்க்க வேண்டும். 7 வந்தால் ஆள் ஓடி வர வேண்டும்.

நல்ல முறைதான். பல நாடுகளில் உயிர் காக்கிறது. ஆனால் மேலே சொன்ன பையனுக்கு நள்ளிரவு 1 மணிக்கு மார்க் போட்டுப் பாருங்கள். நாடி 108-க்கு ஒன்று. மேல் அழுத்தம் 102-க்கு ஒன்று. மற்றதெல்லாம் சரியாக இருந்தால் மொத்தமே 2 மார்க்!

காரணம், அந்த முறை மேல் அழுத்தத்தை மட்டும்தான் பார்க்கிறது. இடைவெளியைப் பார்ப்பதில்லை.

பேப்பர் சொல்வது ஒன்று, பெட்டில் கிடப்பது வேறு. எதை நம்புவது என்று தீர்மானிக்கிற இடத்தில் நள்ளிரவில் நிற்பது டாக்டர் அல்ல, நர்சு.

கை சொல்லும் சேதி

சந்தேகம் வந்தவுடன் நர்சு மேலும் சில சோதனைகளைச் செய்கிறார். எதற்கும் பெரிய மெஷின் தேவை இல்லை.

கை, காலைத் தொட்டுப் பார்க்கிறார். உடம்பு வெதுவெதுப்பாக இருந்து விரல் நுனி மட்டும் சில்லென்று பிசுபிசுத்தால் ரத்தம் அங்கே போகவில்லை என்று அர்த்தம்.

விரல் நுனியை 5 விநாடி அழுத்தி விடுகிறார். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். தாமதமானால் ஆபத்து.

"தம்பி, எப்போ கடைசியா ஒண்ணுக்குப் போனே?" என்று கேட்கிறார். கேட்பதோடு விடுவதில்லை. அளவு பாத்திரத்தைப் பார்க்கிறார். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் வர வேண்டும். 5 மணி நேரத்தில் 150 மில்லி. வந்தது 80 மில்லிதான் என்றால் சிறுநீரகம் முறையிடுகிறது.

வயிற்று வலி இருக்கிறதா? விடாமல் வாந்தி வருகிறதா? ஈறில் ரத்தம் கசிகிறதா? ஆள் சுருண்டு படுக்கிறானா, அல்லது காரணம் இல்லாமல் புரண்டு புரண்டு தவிக்கிறானா? இவை எல்லாமே எச்சரிக்கை மணிகள்.

மூச்சை எண்ணுவதில் ஒரு தந்திரம் இருக்கிறது. "மூச்சை எண்ணப் போறேன்" என்று சொன்னால் நோயாளி தன்னையறியாமல் மூச்சை மாற்றி விடுவான். அதனால் நாடி பார்ப்பது போலவே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சின் மேல் வைத்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணுவார்கள்.

ஆனால் இந்த ஒரு நிமிடத்துக்குச் சோம்பல்பட்டு, 'ஷீட்'டில் எல்லா நோயாளிக்கும் 20, 20, 20 என்று எழுதி வைப்பதும் உலகம் முழுக்க நடக்கிறது. ஆள் மோசமாகும்போது பல நோய்களில் முதலில் மாறுவதே மூச்சுதான்!

டாக்டரை எழுப்பலாமா?

இனிதான் இக்கட்டு.

டூட்டி டாக்டர் இரண்டு நாள் தூக்கம் இல்லாதவர். இப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். இல்லாவிட்டால் இன்னொரு வார்டில் உயிருக்குப் போராடும் வேறு ஒருவரிடம் இருப்பார். போன் செய்து "டாக்டர், பையன் ஒரு மாதிரியா இருக்கான்" என்றால், "பி.பி. எவ்வளவு?" என்பார். "102" என்றால், "சரி, பார்த்துக்குங்க" என்று வைத்து விடுவார்.

யார் மேலும் தப்பு இல்லை. சேதி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு வழி அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது என்றால் ஆச்சரியமாக இருக்கும்! எந்தச் சேதியையும் நாலு படியில் சொல்ல வேண்டும். இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, உங்களிடம் என்ன வேண்டும்.

அப்படிச் சொன்னால் போன் பேச்சு இப்படி இருக்கும்:-

"டாக்டர், டெங்கு வார்டு 11-ம் நம்பர் பெட். பி.பி. 102-க்கு 82, இடைவெளி 20 தான். நாடி 108, கை சில்லுன்னு இருக்கு. அஞ்சாவது நாள், சாயங்காலம் ஜுரம் விட்டுடுச்சு. எட்டு மணிக்கு இடைவெளி 40 இருந்தது. அஞ்சு மணி நேரத்துல 80 மில்லிதான் யூரின். ஷாக் ஆரம்பிச்சிருக்குன்னு நினைக்கிறேன். நீங்க உடனே வந்து பார்க்கணும்."

அரை நிமிடப் பேச்சு. இதைக் கேட்ட டாக்டர் படுக்கையில் இருக்க மாட்டார்.

டாக்டர் வருவதற்குள் நர்சு சும்மா நிற்பதும் இல்லை. ஊசிக் குழாய் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிறார். ரத்தத்தின் கெட்டித் தன்மையைச் சோதிக்க ரத்தம் எடுத்து அனுப்பத் தயார் செய்கிறார். சலைன் பாட்டிலை எடுத்து வைக்கிறார். மருந்தை முடிவு செய்வது டாக்டர். ஆனால் அந்த 10 நிமிடத்தை வீணாக்காமல் காப்பது நர்சு.

சொட்டுக் கணக்கு

டாக்டர் வந்து 'ஒரு மணி நேரத்தில் 300 மில்லி சலைன்' என்று எழுதுகிறார் என்று வைத்துக் கொள்வோம். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய் என்றால் நிமிடத்துக்கு 100 சொட்டு. மெஷின் இல்லாத வார்டில் நர்சு வாட்சைப் பார்த்து எண்ணித்தான் திருகை வைக்கிறார். கால் மணிக்கு ஒரு தடவை நாடி, ரத்த அழுத்தம். இடைவெளி விரிய ஆரம்பித்ததும் சொட்டைக் குறைக்கச் சொல்கிறார் டாக்டர்.

இதற்கிடையே சொந்தக்காரர்களையும் சமாளிக்க வேண்டும்.

"உடம்பு வலிக்குதுங்கறான், ஒரு ஊசி போட்டு விடுங்க சிஸ்டர்!" என்று ஒருவர் மல்லுக்கு நிற்பார். தட்டணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் சதையில் ஊசி குத்தினால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். ஆஸ்பிரின், புரூபன் போன்ற வலி மாத்திரைகளும் கூடாது. பாராசிட்டமால் மட்டுமே.

இன்னொருவர் "பிளேட்லெட் எவ்வளவு? பிளேட்லெட் எவ்வளவு?" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்டுக் கொண்டே இருப்பார். ரத்தக் கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கை குறைந்து விட்டது என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்றுவதை உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்யவில்லை. 2012, 2017 ஆகிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் டெங்கு கடுமையாகப் பரவியபோது வீட்டுக்கு வீடு பேசப்பட்டது தட்டணுவும் பப்பாளி இலையும்தான். நாடியையும் சிறுநீரையும் பேசியவர்கள் குறைவு. சரியான நேரத்தில் கண்டுபிடித்து நீர்ச்சத்தைச் சரியாகக் கொடுத்தால் கடுமையான டெங்குவில்கூட சாவு 100-க்கு ஒன்றுக்கும் கீழே இறங்குகிறது.

நூறு வருஷத்துப் பாடம்

நோயாளியை உற்றுப் பார்ப்பது நர்சு வேலையின் அரிச்சுவடி. புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-ல் எழுதிய நர்சிங் நூலில் இதற்கென்றே தனி அத்தியாயம் வைத்தார். சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் 1871-ம் ஆண்டிலேயே நர்சுப் பயிற்சி தொடங்கி விட்டது. வேலூர் சி.எம்.சி.யில் 1946-ம் ஆண்டில் பட்டப் படிப்பே வந்தது.

படிப்பு வந்து விட்டது. ஆள்தான் போதவில்லை.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களை ஆராய்ந்து 2002-ம் ஆண்டில் ஒரு அறிக்கை வந்தது. ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறதாம்! அங்கே ஒரு நர்சுக்கு 4 பேரா, 8 பேரா என்று சர்ச்சை. நம் ஊரில் நள்ளிரவில் ஒரு வார்டு முழுக்க ஒரே ஒரு நர்சு நடந்து கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சர்ச்சை வேடிக்கையாக இருக்கும்.

அத்தனை பேருக்கும் மணிக்கு ஒரு தடவை நாடி பார்க்க ஒருவரால் முடியாது. எனவே யாரை அடிக்கடி பார்ப்பது, யாரை விட்டு விடலாம் என்பதும் நர்சு எடுக்கும் முடிவே. ஜுரம் 103 அடித்து முனகுபவனைத் தாண்டிப் போய், ஜுரம் விட்டு அமைதியாகத் தூங்குபவனை எழுப்பிப் பார்க்கிறாரே, அது ஏன் என்று வார்டில் பலருக்குப் புரிவதில்லை. சிலர் சண்டைக்கும் வருகிறார்கள்.

மறுபடியும் கவனம்

இரண்டு நாள் கழித்துக் கதை தலைகீழாகும்.

பையனுக்குப் பசி எடுக்கிறது. "இட்லி வாங்கிட்டு வாம்மா" என்கிறான். உடம்பில் சிவப்புத் தடிப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டு. உள்ளங்கையில் ஒரே அரிப்பு. எல்லாம் தேறுவதன் அடையாளம்.

வெளியே கசிந்த நீர் இப்போது ரத்தத்துக்குத் திரும்பி வருகிறது. இந்த நேரத்திலும் சலைன் ஓடிக் கொண்டிருந்தால் நீர் அதிகமாகி நுரையீரலில் கோக்கும்! முந்தாநாள் உயிர் காத்த அதே பாட்டில் இன்றைக்கு மூச்சு முட்ட வைக்கும்.

இரவு நர்சு டூட்டி முடிந்து கிளம்பும்போது, காலை நர்சிடம் ஒவ்வொரு பெட்டாக நின்று கணக்கை ஒப்படைக்கிறார்:

"11-ம் நம்பர், இடைவெளி 40. யூரின் ராத்திரி முழுக்க நல்லாப் போச்சு. சலைனை அஞ்சு மணிக்கே டாக்டர் நிறுத்திட்டார். இருமல் இருக்கான்னு மட்டும் பார்த்துக்கங்க. 14-ம் நம்பருக்கு நடுராத்திரி ஜுரம் விட்டிருக்கு. அந்தப் பொண்ணைத்தான் நீங்க முதல்ல பார்க்கணும்."