ஒரு கோப்பும் இரு பாதைகளும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வெல்லவாயவை நோக்கிச் செல்லும் பெருவீதியில், பலாங்கொடைக்கு அப்பால், ஹல்துமுல்லை இருக்கின்றது. அங்கிருந்து கொஸ்லந்தைக்குப் போகும் ஒருவர் பெரகலைச் சந்தியைக் கடந்து நேரே செல்லலாம். அன்றி அச்சந்தியில் மலையேறி, அப்புத்தளை, பண்டாரவளை, பூனாகலை எனச் சுற்றிக்கொண்டும் இறங்கலாம். சேருமிடம் ஒன்றே. இவ்விரு வழிகளையும் காகிதத்தில் எழுதி, சொற்கள் வேறுபடுதலின் ஊர்களும் வேறு என்று ஒருவர் முடிவு கட்டினால் நகைப்புக்கு இடமாகும் அன்றோ? கணினிக்கு நிரல் எழுதுவோர் பலர் இதே தவற்றைச் செய்துவிடுகின்றனர்.

கணினியில் ஒரு கோப்பு இருக்குமிடத்தைக் குறிக்கும் தொடருக்குப் பாதை என்று பெயர். 'பதுளை/ஹல்துமுல்லை/பதிவேடு' என்பது ஒரு பாதை. 'பதுளை/அப்புத்தளை/../ஹல்துமுல்லை/பதிவேடு' என்பதும் பாதையே. இரட்டைப் புள்ளி ஒரு படி பின்வாங்குவதைக் குறிக்கும். இரண்டும் சென்றடைவது பெரும்பாலும் ஒரே கோப்பையே. 'பெரும்பாலும்' என்றதற்குக் காரணம் உண்டு. இடையிலுள்ள அடைவு, கைகாட்டி மரம்போல் வேறோர் இடத்தைச் சுட்டும் வெறும் இணைப்பாக இருக்கக்கூடும். அப்போது பின்வாங்கினால் சேருமிடமே மாறிவிடும். மேலும், ஒரே கோப்புக்கு இரண்டு முழு உரிமையுள்ள பெயர்களும் இருக்கலாம். தோட்டத்தில் ஒருவருக்கு வீட்டில் ஒரு பெயரும் செக்ரோலில் வேறொரு பெயரும் இருப்பது புதிதன்று. கணக்கப்பிள்ளை அவரை இரண்டு ஆளாக எண்ணுவதில்லை.

இதில் ஆபத்து யாதெனின், ஒரு கோப்பைப் பிரதி எடுக்கும் நிரல், எழுதவேண்டிய கோப்பைத் திறக்கும்போதே அதிலுள்ளதை வெறுமையாக்கி விடுவதுண்டு. மூலமும் பிரதியும் ஒன்றேயாயின், படிப்பதற்கு எதுவும் மிஞ்சாது. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, காணாமற்போனோர் தொகை முதலில் நூற்றுக்கணக்கிற் பேசப்பட்டுப் பின்னர்ப் பெரிதுங் குறைந்தது. எந்த லயத்தில் எவர் இருந்தனர் என்னும் பட்டியல் எத்துணை அரியது என்பதை ஹல்துமுல்லைப் பகுதிக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய பட்டியல் இவ்வாறு அழிதல் கூடாது.

ஆகவே, பெயரை ஒப்பிடாது, கோப்பையே ஒப்பிடல் வேண்டும். யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் ஒவ்வொரு கோப்புக்கும் 'ஐநோடு' என்னும் ஓர் எண்ணை வழங்குகின்றன. அவ்வெண் மட்டும் போதாது. பன்னிரண்டாம் இலக்க வீடு எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. தோட்டத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் வீடு தெரியும். அதுபோலக் கோப்பு இருக்கும் சாதனத்தின் எண்ணும் ஐநோடு எண்ணும் ஆகிய இரண்டும் ஒத்தால்தான் கோப்பு ஒன்று. விண்டோசில் வட்டுப் பகுதியின் தொடரெண்ணும் கோப்பெண்ணும் இப்பணியைச் செய்கின்றன. பைத்தன் மொழியில் 'சேம்ஃபைல்' என்ற செயற்கூறும், 2011இல் வெளிவந்த ஜாவா 7 முதல் 'இஸ்சேம்ஃபைல்' என்பதும் இதற்கென்றே உள்ளன.

தமிழில் எழுதுவோருக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. 'கொஸ்லந்தை' என்பதன் முதலெழுத்தை ஒருங்குறியில் இரு வகையாகப் பதியலாம்: ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே அலகாகச் சேர்க்கலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்சிலோ அவை பொதுவாக இரு பெயர்கள். ஆதலால் ஒரே அடைவில் 'கொஸ்லந்தை' என்று இரண்டு கோப்புகள் அருகருகே நிற்கக்கூடும். ஆப்பிள் கணினிகளோ அவ்விரண்டையும் ஒரே பெயராகக் கொள்கின்றன. எழுத்துகளை ஒழுங்குபடுத்தி ஒப்பிடும் நிரல், லினக்சில் வெவ்வேறான கோப்புகளை ஒன்றென்று சொல்லி ஏமாறும். எண்களைக் கேட்கும் நிரல் ஏமாறாது.

இன்னும் உருவாகாத கோப்புக்கு எண் இராது. அங்கே தாய் அடைவின் எண்ணைக் கேட்டறிந்து, இறுதிப் பெயரை மட்டும் ஒப்பிடுவர். அழிக்கப்பட்ட கோப்பின் எண் புதிய கோப்புக்குச் செல்வதும் உண்டு; எனவே இரண்டு கோப்புகளையும் படிப்பதற்கெனத் திறந்து வைத்துக்கொண்டே எண்களைக் கேட்பது பாதுகாப்பானது.