பழைய பாய்மரப் படகு வாங்கப் போறீங்களா? முதல்ல குனிஞ்சு அடியைப் பாருங்க!

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கப் போனாலே தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போவோம். பாய்மரப் படகில் கூடுதல் சிக்கல் ஒண்ணு இருக்கு. பார்க்க வேண்டிய முக்கியமான பாகமே தண்ணிக்குள்ள இருக்கும்.

அமெரிக்காவில் 1980-களில் தயாரான 30 அடி படகுகள் இன்று ஒரு பழைய கார் விலைக்கே கிடைக்கின்றன. அங்கே வேலை பார்க்கும் உங்களுக்கு அந்த ஆசை வந்து விளம்பரங்களைப் புரட்டினால், 'விங் கீல்' என்ற வார்த்தை அடிக்கடி கண்ணில் படும்.

கீல் என்பது படகின் அடியில் மீன் துடுப்பு மாதிரி தொங்கும் ஈயம் அல்லது இரும்பு. காற்று பாயைத் தள்ளும்போது படகு கவிழாமல் காப்பது அதன் எடைதான். அதன் அடிநுனியில் இரண்டு பக்கமும் இறக்கை வைத்தால் விங் கீல். 1983-ல் பென் லெக்சன் வடிவமைத்த 'ஆஸ்திரேலியா 2' படகு, 132 வருஷமாக அமெரிக்கா கைவிடாமல் வைத்திருந்த 'அமெரிக்கா கப்'பைத் தட்டிச் சென்றது. அந்த இறக்கை வெளியே தெரியாமல், படகைத் தூக்கும்போதெல்லாம் திரை கட்டி மறைத்தார்களாம். செம சஸ்பென்ஸ்!

சாதாரணப் படகுகளுக்கு அது வந்த காரணம் வேகம் இல்லை, ஆழம். கேட்டலினா 30 படகில் சாதாரண கீலுக்கு 5 அடி 3 அங்குலம் தண்ணி வேணும். விங் கீலுக்கு 3 அடி 10 அங்குலம் போதும். சராசரி ஆழமே 21 அடிதான் உள்ள செசபீக் விரிகுடா மாதிரி இடங்களில் இது பெரிய வசதி.

ஆழம் குறைவா போதும்னா, முந்தைய ஓனர் எங்கே ஓட்டியிருப்பார்? ஆழம் குறைஞ்ச இடத்துலதான். அப்போ தரை தட்டியிருக்க வாய்ப்பு அதிகம். சாதாரண கீல் சேற்றில் மாட்டினால் படகை ஒரு பக்கம் சாய்த்து விடுவிக்கலாம். விங் கீலைச் சாய்த்தால் ஒரு இறக்கை இன்னும் கீழே இறங்கும், நங்கூரம் மாதிரி பிடிச்சுக்கும். பிறகு மோட்டார் படகு வைத்து இழுப்பார்கள். அந்த இழுவை எல்லாம் கீல் போல்ட்டுகள் மேலதான்.

அதனால் படகை கிரேனில் தூக்கச் சொல்லுங்க. செலவு பெரும்பாலும் உங்களுடையதுதான், பரவாயில்லை. பெல்ட்டில் தொங்கும்போதே இறக்கைகளின் அடிப்பக்கத்தைப் பாருங்க. கட்டைமேல் இறக்கி வைத்துவிட்டால் அது மறைஞ்சிடும். பெயின்ட் பிரஷ்கூட போகாத இடம் அது. கீலும் படகின் உடலும் சேரும் இடத்தில், முன்பக்கம் ஒரு விரிசல் சிரிப்பது போலத் தெரியலாம். 'கேட்டலினா ஸ்மைல்' என்றே பெயர். போல்ட்டை இறுக்கிப் பூசினாலே பல படகுகளில் சரியாகிவிடும். ஆனால் அங்கிருந்து துருநீர் வழிந்தால் கதை வேறு.

அப்புறம் உள்ளே போங்க. தரைப் பலகையைத் தூக்கி, கீலின் பின்முனை முட்டும் இடத்தை டார்ச் அடிச்சுப் பாருங்க. வேகமாகத் தரை தட்டினால் கீலின் பின்பகுதி மேல்நோக்கி இடிக்கும். விரிசல் அங்கேதான் விழும். மற்ற இடமெல்லாம் அழுக்காக, அது மட்டும் புது பெயின்ட்டில் பளபளன்னா, ஏன்னு கேளுங்க.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2014-ல் அட்லான்டிக்கில் 'சீக்கி ரஃபிகி' படகின் கீல் கழன்று நான்கு பேர் இறந்தார்கள். அது விங் கீல் இல்லை. ஆனால் முன்பு தரை தட்டியதும், அதற்குச் செய்த ரிப்பேர்களும் பிடிப்பைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்றது பிரிட்டனின் விசாரணை அறிக்கை.

பாய், இன்ஜின், கம்பிகள் எல்லாம் காசு இருந்தால் மாற்றிவிடலாம். கம்பிகள் 15 வருஷம் தாண்டியிருந்தால் அந்தச் செலவைச் சொல்லி விலையைக் குறையுங்க. ஃபைபர்கிளாஸில் ஈரம் ஏறியிருக்கான்னு சர்வேயர் மீட்டர் வைத்துச் சொல்வார். அவரை நீங்களே பிடிங்க, விற்பவர் சிபாரிசு செய்தவர் வேண்டாம்.

அட்வான்ஸ் கொடுக்கும்போதே, 'சர்வே திருப்தி இல்லைன்னா பணம் திரும்ப' என்று எழுதி வாங்குங்க. "தூக்கிப் பார்க்கவெல்லாம் வேண்டாம், நான் கேரன்ட்டி"ன்னு ஓனர் சொன்னால், அடுத்த விளம்பரத்துக்கு ஸ்க்ரோல் பண்ணிடுங்க.