மின்கட்டணமும் பாடத்திட்டமும்

ஒரு பல்கலைக்கழக வளாகம் தினமும் ஏராளமான வளங்களைச் செலவழிக்கும் இடம். ஆயிரக்கணக்கானோர் அங்கே தங்கிச் சாப்பிட்டுப் படிக்கிறார்கள். விடுதி, மெஸ், ஆய்வகம், தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழாய், கல்லூரிப் பேருந்து அனைத்தும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்குகின்றன. அந்தச் செலவை எப்படிக் குறைப்பது என்று அறிந்த பொறியாளர்களும் வேதியியலாளர்களும் பொருளியல் அறிஞர்களும் அதே மதிற்சுவருக்குள்தான் பாடம் நடத்துகிறார்கள். ஆனால் பல இடங்களில் பராமரிப்புத் துறைக்கும் வகுப்பறைக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துவைப்பதே வளங்குன்றா வளாகத்துக்கான வழி.

இந்த எண்ணம் புதிதல்ல. 1990இல் பிரான்சின் தல்லுவார் என்ற ஊரில் கூடிய பல நாட்டுப் பல்கலைக்கழகத் தலைவர்கள் பத்து அம்சப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டார்கள். கூட்டத்தை ஏற்பாடு செய்தது அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம். எல்லா மாணவர்களுக்கும் சுற்றுச்சூழல் அறிவு வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். கல்வி நிறுவனம் தன் சொந்த வளாகத்தில் வளங்களைச் சிக்கனமாகக் கையாள வேண்டும் என்பது இன்னொன்று. சொல்லிக்கொடுப்பதையும் செய்து காட்டுவதையும் அந்தப் பிரகடனம் பிரித்துப் பார்க்கவில்லை.

முதலில் அளவு

பெரும்பாலான வளாகங்களுக்கு உயரழுத்த மின் இணைப்பு ஒன்றுதான் இருக்கும்; மாதம் ஒரு பில் வரும். எந்தக் கட்டடம் எவ்வளவு இழுத்தது என்பது அதிலிருந்து தெரியாது. எனவே கட்டடத்துக்கு ஒரு துணை மீட்டர் பொருத்துவதே முதல் வேலை. ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் அந்த மீட்டர்களைப் படித்தால், ஆளே இல்லாத நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பது என்ன என்பது வெளிச்சமாகும். தண்ணீருக்கும் இதே முறை பொருந்தும். யாரும் குழாயைத் திறக்காத நேரத்திலும் மீட்டர் சுற்றினால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள்.

மின்சாரம்

சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட் எடுத்துக்கொள்கிறது; தூரிகையில்லா மோட்டார் கொண்ட புதிய பி.எல்.டி.சி. விசிறிக்கு ஏறக்குறைய 30 வாட் போதும். விடுதியில் 1,000 விசிறிகள் நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால் பழைய வகைக்கு 900 யூனிட், புதியதற்கு 360 யூனிட். ஒரே நாளில் 540 யூனிட் மிச்சம். ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் குறையும் என்று இந்திய எரிசக்தித் திறன் அமைப்பு கூறுகிறது. கூரையில் சூரியத் தகடு பதிக்கும் முன் இவற்றைச் செய்துவிட்டால், தேவை குறைந்து தகடுகளின் செலவும் குறையும்.

பெரிய மாற்றங்களுக்கு அந்தந்த இடத்தின் இயற்கையே வழிகாட்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் கயூகா ஏரியின் கரையருகே உள்ளது. ஏரியின் ஆழத்தில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸ் குளிரில் நீர் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு முதல் அந்தக் குளிரைக் கொண்டே வளாகக் கட்டடங்கள் குளிரூட்டப்படுகின்றன. ஏரி நீர் கட்டடங்களுக்குள் போவதில்லை. வெப்பப் பரிமாற்றிக் கருவியில் குளிரைக் கொடுத்துவிட்டு ஏரிக்கே திரும்பிவிடுகிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நிலைமை வேறு. அங்கே சில கட்டடங்களுக்குக் குளிர் தேவைப்படும் அதே நேரத்தில் வேறு கட்டடங்களுக்கு வெந்நீர் தேவைப்படும். முன்பு குளிரூட்டலில் வெளியேறிய வெப்பத்தைக் காற்றில் விட்டுவிட்டு, வெப்பத் தேவைக்கு எரிவாயு எரித்தார்கள். 2015இல் இயங்கத் தொடங்கிய புதிய நிலையம் அந்த வெப்பத்தைப் பிடித்து வெந்நீராக அனுப்புகிறது.

தண்ணீர்

நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் வழக்கமான திட்ட அளவு. அதில் 45 லிட்டர் கழிப்பறைக்கு ஒதுக்கப்படுகிறது. 3,000 பேர் தங்கும் விடுதிகளில் இதுவே தினம் 1,35,000 லிட்டர் ஆகிறது. இதற்கு நல்ல தண்ணீர் வேண்டியதில்லை. வளாகத்திலேயே சுத்திகரித்த கழிவுநீர் போதும். அதற்கெனத் தனிக் குழாய் வேண்டும் என்பதால், புதிய கட்டடத்தின் வரைபடத்திலேயே இரட்டைக் குழாய் அமைப்பு இடம்பெற வேண்டும். பிறகு சுவரை உடைத்துச் சேர்ப்பதற்கு ஆகும் செலவு மிக அதிகம்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,000 சதுர மீட்டர் மொட்டைமாடியில் விழும் மழை 14 லட்சம் லிட்டர். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வடிகட்டித் தொட்டியின் மணலையும் ஜல்லியையும் கழுவி நிரப்பாவிட்டால், அமைப்பு இருந்தும் பயனில்லை.

மெஸ்ஸும் குப்பையும்

தட்டில் மிஞ்சும் உணவைத் தினமும் எடைபோட்டு அறிவிப்புப் பலகையில் எழுதுவது செலவில்லாத நடவடிக்கை. நேற்று எத்தனை கிலோ சோறு வீணானது என்று மாணவர்களுக்குத் தெரியும். எந்த உணவு அதிகம் மிஞ்சுகிறது என்று சமையலறைக்கும் தெரியும். அப்படியும் மிஞ்சுவதை உயிரி எரிவாயுக் கலனில் இட்டால் அடுப்புக்கு எரிவாயுவும் தோட்டத்துக்கு உரமும் கிடைக்கும். இதற்கு மக்கும் குப்பையை அறையிலேயே பிரித்தாக வேண்டும். பிளாஸ்டிக் கலந்த உணவைக் கலன் செரிக்காது.

மரமும் நிலமும்

சென்னை கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸ் பார்ன்ஸும் அந்த 365 ஏக்கர் வளாகத்தில் மரம் செடிகளை வளர்ப்பதில் பெரும் உழைப்பைச் செலுத்தினார்கள். பின்னாளில் அங்கே புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி வளாகத் தாவரங்களை ஆராய்ந்து எழுதினார். வேதியியலாளரும் புள்ளியியலாளரும் தாவரங்களைத் தங்கள் பொறுப்பாகக் கருதியதால், புறநகர் கட்டடங்களால் நிறைந்த பிறகும் வளாகத்தின் புதர்க்காடு நிலைத்திருக்கிறது. கிண்டிக் காட்டில் எழுந்த சென்னை ஐஐடியிலும் புள்ளிமான்களும் வெளிமான்களும் வாழ்கின்றன. புதுக் கட்டடம் எங்கே எழலாம், எங்கே கூடாது என்பதை இத்தகைய வளாகங்கள் முன்கூட்டியே வரையறுத்துக்கொள்வது அவசியம்.

வகுப்பறைக்குள்

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் உத்தரவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு பின்னர் எல்லா இளநிலை மாணவர்களுக்கும் ஆறு மாதப் பாடம் ஒன்றை வகுத்தது. அதில் 100 மதிப்பெண்ணில் 25 களப்பணிக்கு ஒதுக்கப்பட்டது. கைடு புத்தகத்தை மனப்பாடம் செய்து மீதி 75ஐ வாங்கிவிட முடிந்தது. மாணவருக்கு உண்மையில் பயன்தருவது களப்பணிதான். அதைத் தன் கல்லூரியின் மின்கட்டணத்தை ஆராயவும், கிணற்று நீர்மட்டத்தை மாதந்தோறும் அளக்கவும், மரங்களைக் கணக்கெடுக்கவும் பயன்படுத்தினால் பாடம் உயிர்பெறும்.

பிற துறைகளுக்கும் இதில் இடமுண்டு. வணிகவியல் மாணவர் விசிறி மாற்றும் முதலீடு எத்தனை மாதத்தில் திரும்பும் என்று கணக்கிடலாம். இயந்திரப் பொறியியல் மாணவர் பம்புகளின் திறனைச் சோதிக்கலாம். தமிழ்த் துறை மாணவர் சுற்றுவட்டார ஏரிகளையும் வாய்க்கால்களையும் பற்றி ஊர்ப் பெரியவர்கள் சொல்வதைப் பதிவுசெய்யலாம். படிப்பைக் களத்தோடு இணைப்பதற்கு முன்னுதாரணமும் உண்டு: 1956இல் டி.எஸ். சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமக் கிராமியக் கல்வி நிறுவனம், மாணவர்கள் கிராமங்களில் தங்கிப் பணிசெய்வதைப் படிப்போடு இணைத்திருக்கிறது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் வளாகச் சிக்கல்களைப் பாடமாக்குவதை நிரந்தர ஏற்பாடாகவே ஆக்கியது. அங்கே ‘சீட்ஸ்’ என்ற திட்டத்தில் மாணவர், பேராசிரியர், வளாகப் பணியாளர் மூவரும் சேருகிறார்கள். பராமரிப்புத் துறை தன் சிக்கலைச் சொல்கிறது. மாணவர்கள் மதிப்பெண்ணுக்குரிய பாடமாக அதை ஆராய்கிறார்கள். அறிக்கை பொதுப் பார்வைக்கு வைக்கப்படுவதால் அடுத்த ஆண்டு வருபவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறது.

பணமும் பொறுப்பும்

முதலீட்டுக்குப் பணமில்லை என்பதே நிர்வாகங்களின் வழக்கமான பதில். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் இதற்கென 1.2 கோடி டாலர் சுழல்நிதி வைத்துக்கொண்டது. சிக்கனத் திட்டத்துக்கு ஒரு துறை அதிலிருந்து கடன் வாங்கும். கட்டணத்தில் மிஞ்சும் பணத்தைக் கொண்டு கடனை அடைக்கும். அந்தப் பணம் அடுத்த திட்டத்துக்குப் போகும். சிறிய கல்லூரி சில லட்சம் ரூபாயில் இதே முறையைத் தொடங்கலாம்.

இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010இல் தொடங்கிய கிரீன்மெட்ரிக் தரவரிசை ஆற்றல், நீர், கழிவு, போக்குவரத்து, கல்வி முதலியவற்றைக் கொண்டு வளாகங்களை மதிப்பிடுகிறது. இந்தியாவில் உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் நாக் அமைப்பின் அங்கீகாரத்துக்கும் பசுமைத் தணிக்கை கேட்கப்பட்டுவந்திருக்கிறது. தணிக்கை அறிக்கை கோப்பில் உறங்கினால் பயனில்லை. மின்சாரம், தண்ணீர், குப்பை மூன்றின் கணக்கையும் ஆண்டுதோறும் மாணவர்கள் முன் வெளியிட்டு, அடுத்த ஆண்டு இலக்கையும் அதற்குப் பொறுப்பான அதிகாரியையும் அறிவிக்க வேண்டும்.

அதற்கான குழுவில் பேராசிரியர்களோடு பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் மெஸ் ஊழியரும் தூய்மைப் பணியாளரும் இடம்பெறுவது அவசியம். எந்த வால்வு கசிகிறது, எந்த விளக்கு பகலிலும் எரிகிறது என்பது அவர்களுக்கே முதலில் தெரியும். மாணவர்கள் மூன்று, நான்கு ஆண்டுகளில் போய்விடுவார்கள். வேலையைத் தொடர்ந்து கொண்டுசெல்லப்போவது இந்தப் பணியாளர்கள்தான்.